ஈ-6

நெல்டோர்ஃப், மினசோட்டா
1984 மார்ச் 6

அன்புத் தம்பி லியாண்டருக்கு அக்கா ஆல்வினா எழுதுவது.

உன் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வியாழக்கிழமை நீ செத்துப்போய்விட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. நம்மூர் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு உன் பேரைச் சொன்னது ஃபாதர் கிலியன். கூடப் பிறந்தவள் என்று விவரம் நிரப்பும் தாளைக் கமிட்டிக் கூட்டத்தில் என்னிடம் தந்தார். கடைசியில் ஆள் உயிரோடா இல்லையா என்று இரண்டு கட்டம், பொடி எழுத்து. கண்ணாடி வீட்டில். எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, பெரிய எழுத்தே தகராறு. ஏதோ ஒரு கட்டத்தில் கோடு போட்டேன். ஃபாதர் வாங்கிப் பார்த்தார், எழுந்து நின்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். யாருக்காக நிற்கிறோம் என்று தெரியவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று தலையை மட்டும் நன்றாகக் குனிந்துகொண்டேன். ஒரு நிமிடம் கழித்து மதுக்கடை ரோமன் ஷேஃபர் என் கையைப் பிடித்தான்.

"எப்ப ஆல்வினா? ஒரு வார்த்த சொல்லலியே!"

"என்னத்தச் சொல்லல?"

"நம்ம லியாண்டர்..."

"அவனுக்கென்ன? போன வாரந்தான் நாலு பக்கம் எழுதியிருக்கான், பூரா ஆரஞ்சு மரத்தப் பத்தி. செத்தவன் அப்படி அறுக்க மாட்டான்."

மண்டபம் என்றால் உனக்குத் தெரியும், சர்ச்சின் அடித்தளத்தில் காப்பிப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கிற சுவர். இரண்டு வருடத்துக்கு ஒரு பேர்தான் அதில் ஏறும். இந்தத் தடவை வடிகட்டி வடிகட்டி இரண்டு பேரில் வந்து நிற்கிறது. ஒன்று பந்து வீசிய கிளீட்டஸ் விர்ட்ஸ். இன்னொன்று நீ.

ரோமன் மேஜையைத் தட்டினான். "டீம் ஆரம்பிச்சு எழுவது வருஷமாச்சு. எதிராளி அடிச்சிட்டு பேஸ் சேர ஒரு ஹிட்டுகூடக் குடுக்காம ஒம்போது சுற்றும் வீசினவன் ஒருத்தன்தான். கிளீட்டஸ். அப்புறம் என்ன பேச்சு?"

"ஒரு நாள் நல்லா வீசறது அதிர்ஷ்டமா இருக்கலாம், ரோமன்," என்றார் ஃபாதர். "பதினாறு வருஷம் ரெண்டாம் பேஸுக்கும் மூணாம் பேஸுக்கும் நடுவுல, ஷார்ட்ஸ்டாப்ல நிக்கறது அதிர்ஷ்டம் இல்ல."

ஃபாதர் உன் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. புத்தகத்தைப் படித்து நம்புகிறார், அவருக்கு அதுதானே தொழில். 1957 கோடையில் முப்பத்தோரு ஆட்டம் நீ ஒரு பந்தைக்கூடக் கோட்டைவிடவில்லை. முப்பத்திரண்டாவதில், கடைசிச் சுற்றில், கையில் வந்த பந்தைக் கீழே போட்டாய். அதுவும் கிளீட்டஸ் அந்தப் பெரிய ஆட்டத்தை வீசிய அதே நாளில். அது மட்டும் இல்லாவிட்டால் ஒரு கோடை முழுக்கப் பிழையே இல்லாத ஷார்ட்ஸ்டாப், இந்த மாவட்டத்திலேயே நீ ஒருத்தன். அந்தப் பிழையைப் புத்தகத்தில் எழுதியது யார்? ஸ்கோர் எழுதிய உன் சொந்த அக்கா. எனக்கு இப்போதும் அதில் பெருமைதான், தம்பியென்று பார்க்காமல் எழுதினாள் என்று ஊரே சொன்னதே.

ரோமனும், ரோமன் கையைத் தூக்கினால் தூக்கும் செவிட்டு எமரிக்கும் கிளீட்டஸ் பக்கம். ஃபாதரும் தபாலாபீஸ் லிட்வினாவும் உன் பக்கம். ஐந்தாவது ஓட்டு என்னுடையது. ஜூன் மூன்றாம் தேதி ஓட்டெடுப்பு.

உன் முதுகு எப்படி? ஆர்லீனுக்குச் சளி விட்டதா? இங்கே பனி ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. என் வலது முட்டி ரேடியோவுக்கு முன்னால் செய்தி சொல்கிறது.

உயிரோடிருக்கும் தம்பிக்கு அன்புடன்
ஆல்வினா


டூசான், அரிசோனா
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் ஆர்லீனும் சுகம். அங்கே உன் முட்டி சுகப்பட வேண்டும். எனக்காக எழுந்து நின்றவர்களுக்கு நன்றி சொல், உட்காரச் சொல்.

முதுகு பரவாயில்லை. டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலைதான் எனக்கு ஒத்துக்கொள்கிறது, நிமிர்ந்தால்தான் வலி. ஆர்லீனின் சளி போய்விட்டது.

ஆரஞ்சு மரம் பூத்திருக்கிறது. அறுவை என்று ரோமனிடம் சொன்னாயாமே, அதனால் நான்கு பக்கம் எழுதவில்லை. பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுவர் விஷயம். கிளீட்டஸுக்குப் போடு. யோசிக்க ஒன்றும் இல்லை.

அன்புத் தம்பி
லியாண்டர்


நெல்டோர்ஃப்
ஏப்ரல் 5

தம்பி லியாண்டருக்கு ஆல்வினாவின் அன்பு. சுகம், முட்டியைத் தவிர.

கடிதம் வந்தது. மரம், முதுகு, சளி எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பந்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நேற்று மறுபடி கூட்டம். லிட்வினாவுக்கு ஆட்டம் தெரியாது, காப்பி நன்றாகப் போடுவாள் என்று கமிட்டியில் சேர்த்திருக்கிறோம். அவள் நியாயமாகக் கேட்டாள், "அந்தப் பந்துல அப்படி என்ன தகராறு?" ரோமன் உப்பு டப்பா, மிளகு டப்பா எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினான்.

"இது கிளீட்டஸ், வீசறான். இது சாங்க்ட்வெண்டல் ஊர்க்காரன் ஒருத்தன், மொசக்குட்டி மாதிரி ஓடுவான், மட்டையால தட்டி விட்டுட்டு ஓடறான். இந்தா, இது லியாண்டர். பந்து இவன் கைக்கு வருது. அவன் வர்றதுக்குள்ள முதல் பேஸ்ல நிக்கற எங்கிட்ட எறிஞ்சா அவன் அவுட்டு. ஆனா கீழ போட்டுட்டான். தடுக்கறவன் தப்புன்னா அது எர்ரர், வீசினவன் கணக்குல சேராது. அதான் கிளீட்டஸ் தப்பிச்சான்."

"எறிஞ்சிருந்தா அவுட்டாயிருப்பானா?" என்றாள் லிட்வினா.

"எங்க! நான்தான் முதல் பேஸ்ல நின்னேனே. லியாண்டர் கைக்குப் பந்து போறப்பவே அவன் பேஸுக்கு ரெண்டு எட்டுல இருந்தான். பீரங்கில வெச்சு எறிஞ்சிருந்தாலும்..."

அப்படியே நிறுத்திக்கொண்டான். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. ஃபாதர் காப்பிக் கோப்பையை மெதுவாக வைத்தார்.

"எறிஞ்சாலும் அவன் சேர்ந்திருப்பான்னா அது எர்ரர் இல்ல, ரோமன். ஹிட்டு."

எமரிக், ஓட்டெடுப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டான்.

விஷயம் இப்படி வந்து நிற்கிறது. ஹிட் என்று எழுதினால் கிளீட்டஸின் ஆட்டம் போச்சு, உன் கோடை சுத்தமாகிவிடும், சுவர் உனக்கு. எர்ரர் என்றே இருந்தால் சுவர் அவனுக்கு. எழுதியதை மாற்றும் உரிமை எழுதியவளுக்குத்தான் என்று சங்கத்தின் விதி. 57-ஆம் வருடப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்பதாவது சுற்றில் என் கையெழுத்தில் ஈ-6. ஈ என்றால் எர்ரர், ஆறு நீ நின்ற இடத்தின் எண். பக்கத்தில் ரப்பர் இருக்கிறது. இரண்டும் என்னைப் பார்க்கின்றன.

அன்றைக்கு என்னடா நடந்தது? மூன்று வார்த்தை போதும்.

ஆர்லீனுக்கு என் முத்தங்கள்.
ஆல்வினா


நெல்டோர்ஃப்
மே 2

தம்பிக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. சுகமா? இல்லை, அந்தத் தாளைத் திருத்தாமலே விட்டிருக்கலாமா?

பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பின்வாசல் வழியாக நேற்று கிளீட்டஸ் வந்தான். பால் ஏற்றும் லாரியை அணைக்காமலே நின்றான், அவ்வளவு அவசரமாம். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு நான் மசித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தபடி பேசினான், என்னைப் பார்க்கவில்லை.

"ஆல்வினா, எனக்கு ஓட்டுப் போடாத."

"ஏன், சுவத்துல ஏறுனா தல சுத்துமா?"

"வெளையாட்டு இல்ல. லியாண்டருக்குப் போடு."

"அவன் ஒனக்குப் போடச் சொல்றான். நீ அவனுக்குப் போடச் சொல்ற. அம்பத்தாறு வருஷத்துல ஒரு சுவத்தப் பாத்து ரெண்டு ஆம்பள ஓடறத இப்பத்தான் பாக்கறேன்."

அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினான், போட்டான். போய்விட்டான். உனக்குத் தெரியும், அவனுடைய மூன்று பிள்ளைகளும் யாரைப் பார்த்தாலும் முதலில் சொல்வது அந்த ஆட்டத்தைத்தான். பெரியவள் தன் மகனுக்கு, ஆட்டம் நடந்த மாதம் என்று, ஆகஸ்ட் என்றே பேர் வைத்திருக்கிறாள். நான் ரப்பரை எடுத்தால் அத்தனையும் ஒரு தேய்ப்பில் போகும். எடுக்காவிட்டால் என் தம்பி, இந்த ஊர் கண்ட ஷார்ட்ஸ்டாப்பிலேயே பெரிய ஆள், எந்தச் சுவரிலும் இல்லாமல் பாலைவனத்தில் பஸ் ரிப்பேர் செய்துகொண்டிருப்பான்.

இந்த நிலைமையில் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். ராத்திரிக்குப் பன்றிக்கறியும் புளித்த கோஸும் செய்தேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. நான் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் விஷயம் பெரிசு என்று உனக்குத் தெரியும்.

எழுது.
ஆல்வினா


(கள்ளிச்செடிப் படம் போட்ட அஞ்சலட்டை)

மே 9

அக்கா,

சுகம். உன் முட்டி?
வெயில் கண்ணில் அடித்தது. பந்தை விட்டேன். எர்ரர்தான். அழிக்காதே.

லியாண்டர்


நெல்டோர்ஃப்
மே 19

அன்புத் தம்பி பொய்க்காரனுக்கு,

சுகமாக இரு. முட்டிக்கு இப்போது கேடில்லை, பனி உருகிவிட்டது.

ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே வானிலை எழுத ஒரு கட்டம் உண்டு. யாரும் நிரப்ப மாட்டார்கள். நான் நிரப்புவேன், இல்லாவிட்டால் காலியாகக் கிடந்து கண்ணை உறுத்தும். 1957 ஆகஸ்ட் 18, ஞாயிறு. படித்துச் சொல்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டுதான்: "காலையிலிருந்து மேகமூட்டம். சூரியனே இல்லை. மழை வரும்போல."

வெயில் அடித்ததாம் வெயில்!

சரி, இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். இருபத்தேழு வருடமாக வாயில் அடக்கி வைத்திருந்தேன். நான் அடக்கி வைத்த ஒரே விஷயம் இதுதான் என்று உனக்கே தெரியும்.

கம்பிவலைக்குப் பின்னால் இருந்தேன். பந்து உன் கையுறைக்குள் வந்த சத்தம் கேட்டது. தட்டுப்பட்ட சத்தம் வேறு, பிடித்த சத்தம் வேறு. அது பிடித்த சத்தம். நீ முதல் பேஸைப் பார்த்தாய், அந்த முயல்குட்டி ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். அப்புறம் நீ இடது பக்கம் பெஞ்சைப் பார்த்தாய். அங்கே கிளீட்டஸின் அப்பா உட்கார்ந்திருந்தார், தொப்பி முழங்காலில். பந்து விளையாட்டெல்லாம் சோம்பேறிகள் வேலை என்று ஆறு வருடம் சொல்லிவிட்டு, மகன் ஆடுவதை முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்தார். மூச்சே விடாமல் இருந்தார், எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் பந்து கீழே விழுந்தது.

எறிந்திருந்தால் ஹிட் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். கீழே போட்டதால் எல்லாரும் "ஐயோ, விட்டுட்டானே" என்றார்கள். மூன்று வருடம் உன்னை வெண்ணெய்க்கையன் என்று கூப்பிட்டார்கள். ரோமன் கடையில் உனக்கு வெண்ணெய் தடவாத ரொட்டி கொடுத்துச் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். ஆட்டக்காரன் என்ன எழுத வேண்டும் என்று விரும்பினானோ அதை எழுதினேன். இருபத்தொன்பது வருடம் ஸ்கோர் எழுதியதில் அப்படி எழுதியது அது ஒன்றுதான்.

இப்போது சொல். அழிக்கட்டுமா? அழித்தால் ஊருக்கே நீ யார் என்று தெரியும்.

உன் அக்கா
ஆல்வினா


நெல்டோர்ஃப்
மே 24

மதிப்புள்ள லியாண்டர்,

நீயும் வீட்டிலுள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. ஆல்வினாவிடம் விலாசம் கேட்டால் காரணம் கேட்பாள், அதனால் தபாலாபீஸ் லிட்வினாவிடம் வாங்கினேன்.

அந்தப் பந்தைப் பற்றி. நான் பந்து வீசும் மேட்டில் நின்றேன், உனக்கு நாற்பது அடியில். எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே தெரியும்.

ஆட்டம் முடிந்து அப்பாவும் நானும் லாரியில் வீட்டுக்குப் போனோம். பாதி வழியில் அவர், "நாளைக்கு அந்தப் பையனச் சாப்பிடக் கூப்பிடு" என்றார். "எந்தப் பையன்?" என்றேன். "பந்தக் கீழ போட்டவன்" என்றார். ஆட்டமே தெரியாத மனுஷன்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அந்த ஆட்டம் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும்போல இருந்தது. அந்த அறுவடையிலேயே அப்பா போய்விட்டார். நீயும் கொஞ்ச வருடத்தில் அரிசோனா போய்விட்டாய். அப்படியே இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது.

ஓட்டெடுப்பு அன்றைக்கு எழுந்து சொல்லிவிடப் போகிறேன். உனக்கு முதலில் தெரியட்டும் என்று எழுதினேன். பிள்ளைகளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இங்கே மழை நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு
கிளீட்டஸ் விர்ட்ஸ்


டூசான்
மே 29

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? நாங்கள் சுகம். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், ஓட்டெடுப்புக்கு முன்னால் வந்துவிடும்.

கிளீட்டஸ் எழுதியிருந்தான். எழுந்து ஏதாவது சொல்வான், சொன்னால் உட்காரவை.

வெயில் இல்லையென்றால் காற்றாக இருக்கும். எனக்கு ஞாபகம் இல்லை.

முப்பத்தோரு ஆட்டத்தில் பந்தைப் பிடித்தேன் என்கிறாய். அதில் ஒரு பந்துகூட ஞாபகம் இல்லை, அக்கா. உண்மையாகவே இல்லை. விட்ட பந்து மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்துத் தூக்கம் கெட்டது கிடையாது. பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும்போது சில நாள் அதை நினைத்துக்கொள்வேன், வேலை சீக்கிரம் முடியும்.

அதை அழித்தால் நான் ஆடியதில் எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

மரத்தில் காய் பிடித்திருக்கிறது. பட்டாணி அளவு.

தம்பி
லியாண்டர்


நெல்டோர்ஃப்
ஜூன் 4

அன்புத் தம்பிக்கு ஆல்வினா எழுதுவது. எல்லாரும் சுகம்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. லிட்வினா தானே கொண்டுவந்து தந்தாள், நான் பிரிப்பதைப் பார்க்க நின்றாள், துரத்திவிட்டேன். மூன்று தடவை படித்தேன். எழுத்துப் புரியாமல் இல்லை.

நேற்று பூசை முடிந்து அடித்தளத்தில் கூடினோம். நாங்கள் உட்காருவதற்குள் கிளீட்டஸ் படியிறங்கி வந்தான், கோட்டு போட்டுக்கொண்டு.

"ஓட்டுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்தப் பந்து ஹிட்டு. வீசினவன் நான், எனக்குத் தெரியாதா? ஆல்வினா, அழிச்சிடு."

ரோமன் தலையில் கைவைத்தான். ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைத் திறந்து எல்லாருக்கும் நடுவில் வைத்தேன்.

"எம் புத்தகத்துல என்ன எழுதணும்னு ஒன்னக் கேட்டனா, கிளீட்டஸ்? பந்து கையில வந்துச்சு. கீழ விழுந்துச்சு. கீழ விழுந்தா எர்ரர். விட்டவனையே எழுதிக் கேட்டாச்சு, ஆமாங்கறான். ஒனக்கென்ன வந்துச்சு? உக்காரு."

"ஆல்வினா..."

"உக்காருன்னேன்."

உட்கார்ந்தான். நானே என் தம்பியின் பேரை வெட்டிவிட்டு முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வெங்காயம் நறுக்கியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால் கையில் வெங்காயமும் இல்லை.

ஓட்டெடுத்தோம். உனக்கு ஃபாதரும் லிட்வினாவும். கிளீட்டஸுக்கு ரோமனும் எமரிக்கும். கடைசியாக என் கை. கிளீட்டஸுக்குத்தான் தூக்கினேன். மூன்றுக்கு இரண்டு.

முடிந்தது என்று எழுந்தோம். கிளீட்டஸ் எழவில்லை.

"பலகையில என்ன எழுதுவீங்க?"

"ஒம் பேரு, தேதி, ஒம்போது சுற்று, ஹிட்டு இல்ல," என்றான் ரோமன்.

"எர்ரர் ஒண்ணுன்னும் எழுதணும். யாருதுன்னும் எழுதணும்."

"எர்ரரை யாராவது பித்தளையில அடிப்பாங்களா?" என்றார் ஃபாதர்.

"அடிங்க. இல்லேன்னா எம் பேரையும் அடிக்காதீங்க."

"எதுக்குடா இப்படி அடம் புடிக்கற?" என்றான் ரோமன்.

"எங்கப்பா பாத்த ஒரே ஆட்டம் அது. அவரு பாத்ததெல்லாம் அதுல இருக்கணும்."

ரோமன் என்னைப் பார்த்தான். அப்புறம் கிளீட்டஸைப் பார்த்தான். முதல் பேஸில் நின்றவன்தானே, எவ்வளவு நேரம்தான் புரியாமல் இருப்பான்? மூக்கைச் சிந்திக்கொண்டே, "எழுத்து பெருசா இருக்கட்டும்," என்றான். எமரிக் கையைத் தூக்கினான்.

ஆக, தம்பி, பலகையில் வரப்போவது இது: கிளீட்டஸ் விர்ட்ஸ். 1957 ஆகஸ்ட் 18. ஒன்பது சுற்று. ஹிட் இல்லை. எர்ரர் ஒன்று: லியாண்டர் கூல்மன், ஷார்ட்ஸ்டாப்.

அந்தச் சுவரில் இதோடு இருபத்தைந்து பேர். அடித்ததற்கு, பிடித்ததற்கு, வீசியதற்கு என்று இருபத்து நான்கு. கீழே போட்டதற்காகச் சுவரில் ஏறியவன் என் தம்பி ஒருத்தன்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலிருந்து மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன், அதில் ஒருத்தன் வழி கேட்க வண்டியை நிறுத்தியவன்.

ஜூலை 22 திறப்பு. வா.

பெருமையோடு அக்கா
ஆல்வினா


டூசான்
ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வர முடியாது. ஜூலையில் இங்கே எல்லா பஸ்ஸிலும் குளிர்சாதனம் ஒன்றாகச் சாகும், லீவு தர மாட்டார்கள். ஆர்லீன் உன்னை விசாரித்தாள்.

டிப்போவில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன். "என் பேரு எங்க ஊரு புகழ் மண்டபத்துல வருது"ன்னேன். "எதுக்கு?"ன்னான் ஹெக்டர். "பந்தக் கீழ போட்டதுக்கு"ன்னேன். இரண்டு நாளாகச் சிரிக்கிறார்கள். ஸ்பேனர் கேட்டால் "பாத்துப் புடி"ன்னு எறிகிறார்கள். நன்றாக இருக்கிறது.

பலகையில் வருகிற வரியை உன் கடிதத்திலிருந்து வெட்டி என் கருவிப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மன்னித்துக்கொள், பின்பக்கம் இருந்த ரோமன் பாதி போய்விட்டான்.

அடுத்த கோடையில் வருகிறோம். வந்த அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு கிளீட்டஸ் வீட்டில் என்று அவனிடம் சொல்லி வை. அவனுக்குப் புரியும்.

தம்பி
லியாண்டர்


நெல்டோர்ஃப்
ஜூலை 23

அன்புத் தம்பி லியாண்டருக்கும் ஆர்லீனுக்கும் ஆல்வினா எழுதுவது. உங்கள் சுகம் வேண்டும். எங்களுக்கு நேற்று சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை, மற்றபடி சுகம்.

திறப்பு நன்றாக நடந்தது. நூற்றைம்பது பேர். சாங்க்ட்வெண்டலிலிருந்து அந்த முயல்குட்டிகூட வந்திருந்தான், இப்போது பீப்பாய் மாதிரி இருக்கிறான், படியிறங்க இரண்டு பேர் பிடித்தார்கள். உன் சாப்பாட்டுச் சேதியை கிளீட்டஸிடம் சொன்னேன். வெளியே போய் லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தான். "வாத்து பிடிக்குமான்னு கேளு," என்றான். பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஃபாதர்தான் பலகையை உரக்கப் படித்தார். "எர்ரர் ஒன்று" என்றதும் பிள்ளைகள் கொஞ்சம் சிரித்தார்கள். உன் பேரைப் படித்ததும் பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். முதலில் எழுந்தது கிளீட்டஸ். அப்புறம் ரோமன், அப்புறம் அந்தக் காலத்து டீமில் மிச்சமிருக்கிற அத்தனை பேரும். யாரும் காரணம் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இந்தத் தடவை யாருக்காக நிற்கிறோம் என்று எனக்குத் தெரியும், அதனால் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து நின்றேன். முட்டி வலித்தது, நின்றேன்.

கிளீட்டஸின் பெரிய மகள் என்னிடம் வந்து, "எங்கப்பா ஆட்டத்துல ஒங்க தம்பி பேரு எதுக்கு?" என்று கேட்டாள். "உங்கப்பாகிட்டக் கேளு, சொல்லுவாரு," என்றேன். சாயங்காலம் இரண்டு பேரும் வெளியே லாரிப் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு போனாள்.

முதுகைப் பார்த்துக்கொள். ஆரஞ்சு பழுத்தால் எழுது, நான்கு பக்கம் எழுதினாலும் படிக்கிறேன்.

உன் அக்கா
ஆல்வினா

பி.கு.: திரையை விலக்க கிளீட்டஸ் கயிற்றை இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான். திரை வந்தது. பலகையும் வந்தது. கூடவே நான்கு திருகாணியும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுவரின் காரையும் வந்தன. எல்லாம் கீழே மேஜையிலிருந்த என் முட்டைக்கோஸ் சாலட்டில் விழுந்தன. யாருக்கும் அடி இல்லை. ஃபாதர் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் படித்தார். சாலட்டில் இடது பாதி நன்றாகவே இருந்தது, அதைப் பரிமாறினோம்.